கடல் கடந்த சாகிவால் பசு



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு மாட்டைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. லயத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகை. காலை வேலை முடிந்ததும் புல் அறுக்கப் புறப்படும் தாய். பால் விற்ற காசில் பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் தலையெடுத்தன. அந்த மாடுகளும் நம் முன்னோரைப் போலவே இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த மாடுகளின் வழிவந்தவை.

அவை கொடுத்த பாலோ கொஞ்சம். 'ஐரோப்பிய மாடு ஒரு வேளைக்கே குடம் நிறையக் கறக்கிறதாமே, அதையே வாங்கி வளர்த்தால் என்ன?' என்ற எண்ணம் எவருக்கும் எழும். இதற்குச் சாகிவால் என்னும் பசுவின் வரலாறு நல்ல விடை தருகிறது.

சாகிவாலின் தாயகம் பஞ்சாப். ராவி, சட்லெஜ் ஆறுகளுக்கு இடையே வறண்ட மேய்ச்சல் நிலம் பரந்து கிடந்தது. மந்தைகளோடு இடம் மாறி வாழ்ந்த மக்கள், வெயிலையும் பஞ்சத்தையும் தாங்கி, மிஞ்சியும் பால் தந்த பசுக்களையே பேணி வந்தார்கள். வெள்ளையர் ஆட்சியில் அந்த மாவட்டத்துக்கு மாண்ட்கோமரி என்று பெயர். மாட்டுக்கும் அதே பெயர் வழங்கியது. இன்று அது பாகிஸ்தானில் சாகிவால் மாவட்டம்.

செம்பழுப்பு நிறம், தளர்ந்து தொங்கும் தோல், திமில், குட்டையான கால்கள், பெரிய மடி, சாதுவான குணம் ஆகியவை இதன் அடையாளங்கள். உண்ணித் தொல்லையை நன்கு தாங்கும். நல்ல பண்ணையில் ஒரு கறவைக் காலத்துக்குச் சுமார் 2,000 லிட்டர் பால் தரும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த இனத்துக்கே ஆபத்து வந்தது. பாசனக் கால்வாய்கள் வெட்டப்பட்டன. மேய்ச்சல் நிலம் உழவு நிலமாயிற்று. உழவருக்கு வேண்டியது விரைந்து நடக்கும் ஏர்மாடு. சாகிவால் எருதோ மெதுவாக நடப்பது. மந்தைகள் சுருங்கின. அரசாங்கப் பண்ணைகளும் இராணுவப் பால் பண்ணைகளும் பாலை அளந்து குறித்து, நல்ல பசுக்களைத் தேர்ந்து வளர்த்ததால் இனம் பிழைத்தது.

அதன் பிறகு சாகிவால் கடல் கடந்தது. ஜமைக்காத் தீவில் ஐரோப்பிய மாடுகள் வெயிலில் இளைத்தன. அங்கே ஹோப் என்னும் அரசாங்கப் பண்ணையில் 1910ஆம் ஆண்டளவில் கலப்பு முயற்சி தொடங்கியது. சிறு விவசாயியின் மகனாக 1904ல் பிறந்த தாமஸ் லெக்கி, பின்னாளில் அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். மலைச்சரிவில் ஒன்றிரண்டு மாடுகளை வைத்துப் பிழைக்கும் ஏழைகளையே அவர் மனத்தில் வைத்திருந்தார். ஜெர்சி இரத்தம் ஏறத்தாழ 80 விழுக்காடு, சாகிவால் 15, மீதி ஹால்ஸ்டைன் என்ற அளவில் அமைந்த அந்த இனம் 1952ல் 'ஜமைக்கா ஹோப்' என்று பெயர் பெற்றது.

அதே 1952ல் ஆஸ்திரேலிய அறிவியல் ஆய்வு நிறுவனம் பாகிஸ்தானிலிருந்து சாகிவால், செஞ்சிந்தி மாடுகளைத் தருவித்து ஜெர்சியோடு கலந்தது. அங்கே ஒரு சிக்கல் எழுந்தது. கன்று அருகில் இல்லாவிட்டால் பல பசுக்கள் பாலை இறக்கவில்லை. கன்று இறந்தால் வைக்கோல் கன்றைக் காட்டிக் கறந்த நம் பாட்டிமாருக்கு இது புதிதா என்ன? ஆராய்ச்சியாளர்கள் பாலை அடக்கிய பசுக்களைக் கழித்தார்கள். இளங்காளைகளையும் வெப்பம் தாங்குமா, உண்ணியைத் தாங்குமா என்று சோதித்த பிறகே தேர்ந்தெடுத்தார்கள். தலைமுறை தலைமுறையாக இப்படிப் பொறுக்கி எடுத்ததில் 'ஆஸ்திரேலியப் பால் செபு' என்ற இனம் உருவாயிற்று.

நம் மலேசியாவுக்கும் சாகிவாலின் இரத்தம் வந்தது. 1970களில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளிலிருந்து சாகிவால்-ஃபிரீசியன் கலப்பு மாடுகள் தருவிக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு குளுவாங் கால்நடை நிலையத்தில் வளர்த்தெடுத்த இனமே 'மாஃப்ரிவால்'. மலேசியா, ஃபிரீசியன், சாகிவால் ஆகிய மூன்றும் அந்தப் பெயரில் அடங்கியுள்ளன.

கலப்பு என்றாலே நன்மை என்று எண்ணிவிடவும் கூடாது. முதல் கலப்பில் பாலும் கூடும், உடல் உரமும் நிற்கும். பால் ஆசையில் அந்தக் கிடேரிக்கு மீண்டும் ஃபிரீசியன் காளையையே சேர்த்தால், ஐரோப்பிய இரத்தம் முக்கால் பங்காகிறது. வெயில் தாங்கும் வலு குறைகிறது. மாடு மூச்சு வாங்கும், தீனி எடுக்காது, சினை பிடிக்கத் தவறும். மாடு வாங்கக் கடன்பட்ட குடும்பத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள்!

ஆகவே, நேயர்களே, மாடு வாங்கப் போகும்போது எத்தனை லிட்டர் கறக்கும் என்று மட்டும் கேட்காதீர்கள். தாய் எது, தகப்பன் எது, எத்தனை ஈற்று ஈன்றது, கன்று இல்லாமல் கறக்குமா, உச்சி வெயிலில் எப்படி நிற்கிறது என்றும் கேளுங்கள். ஒரு மாதம் குடம் நிறையக் கறந்து மறு மாதம் படுத்துவிடும் மாட்டைவிட, அளவாகக் கறந்து ஆண்டுக்கு ஆண்டு கன்று ஈனும் மாடே குடும்பத்தைத் தாங்கும். பஞ்சாபின் மேய்ப்பர்கள் ஏட்டில் எழுதாமலே அறிந்திருந்த உண்மை இது.