ஒன்றாகப் பூசக் கூடாத சருமப் பொருட்கள்

சில வேதிப்பொருட்களை ஒரே வேளையில் முகத்தில் பூசினால் ஒன்றன் பயனை மற்றொன்று கெடுக்கும், அல்லது இரண்டும் சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். பருவுக்குப் பூசும் பென்சாயில் பெராக்சைடு, ட்ரெட்டினாயினைச் சிதைத்துவிடும். வெளிச்சம் பட்டால் சிதைவு இன்னும் வேகமாகும். அதே பெராக்சைடு ஹைட்ரோகுவினோனோடு சேர்ந்தால் தோலில் தற்காலிகமாகக் கறை படியும். ரெட்டினால் பூசிய இரவிலேயே கிளைக்காலிக் அமிலமோ சாலிசிலிக் அமிலமோ பூசினால் தோல் எரியும், உரியும். வைட்டமின் சி-யும் நியாசினமைடும் சேரக் கூடாது என்ற பழைய எச்சரிக்கையை இன்று பொருட்படுத்த வேண்டியதில்லை.

இந்தியாவில் இவற்றைவிடப் பெரிய கேடு, ஒரே ட்யூபுக்குள் அடைத்து வரும் மூன்று மருந்துக் கூட்டு. 1975இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மேனும் உடன் ஆய்வாளரும் மங்குக்காக ஹைட்ரோகுவினோன் 5%, ட்ரெட்டினாயின் 0.1%, டெக்சாமெத்தசோன் 0.1% கலந்த களிம்பை வெளியிட்டார்கள். மற்ற இரண்டின் எரிச்சலை அடக்கவே ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் சேர்க்கப்பட்டது. மருத்துவர் பார்வையில் சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டிய இந்த மருந்தின் வழித்தோன்றல்கள், பெரும்பாலும் மொமெட்டசோன் கலந்து, இங்கே சிவப்பழகு க்ரீம்போல மருந்துக்கடையில் கேட்டு வாங்கப்படுகின்றன. முதல் மாதம் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலியும், ரத்தநாளங்கள் தெரியும், பருவும் முடியும் கிளம்பும். 2011இல் வெளியான பல மைய ஆய்வொன்றில், முகத்தில் தோல் நோயோடு வந்த 2,926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு பூசிவந்தது தெரிந்தது. 2018இல் அரசு மேலும் பல ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டுக்கு உட்படுத்தியது.

ஓசூர் சிப்காட், கிருஷ்ணகிரி ஆலைப் பகுதிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. ட்ரெட்டினாயினை 'இரவில் பூசுக' என்பார்கள். இரவு ஷிப்டுக்குப் போகிறவருக்கு அந்த அறிவுரை பொருந்தாது. பூசிவிட்டு வேலைக்குப் போனால் காலை வெயிலில் வண்டியில் திரும்ப வேண்டியிருக்கும். தூங்கப் போகும் வேளையில் பூசி, எழுந்ததும் கழுவி, வெளியே கிளம்புமுன் சன்ஸ்கிரீன் தடவுவதே சரி. கர்ப்பிணிகள் ட்ரெட்டினாயினைத் தொடவே கூடாது.

இந்த மூன்று மருந்துக் கூட்டைக் கர்நாடக எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் வாங்கினாலும் இப்பால் வாங்கினாலும் ட்யூபின் பெயரைப் பார்த்துப் பயனில்லை. வேறு வேறு பெயர்களில் ஒரே கூட்டு கிடைக்கும். பொடி எழுத்தில் உள்ள உட்பொருள் பட்டியலில் 'சோன்' என்று முடியும் பெயர் இருந்தால் பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. பல மாதம் பூசியதைத் திடீரென நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்து மறுபடி பூசத் தொடங்குவதால்தான் பலரால் விட முடிவதில்லை. எப்படிக் குறைப்பது என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.