கிளியை ஏமாற்றிய கால்கள்

திருகோணமலையில் ஒரு பொடியனை உதைபந்து அணியின் விங்கில் போடுவதா, பின்வரிசையில் நிறுத்துவதா என்று முடிவெடுக்க எங்கள் காலத்துப் பெரியவர்கள் ஒரு கேள்விதான் கேட்பார்கள்: "ஆள் கிளித்தட்டில எப்பிடி?" நூறு மீற்றரை எத்தனை செக்கனில் ஓடுகிறான் என்று எவரும் கேட்டதில்லை. 1970களில் வலது விங் ஆடியவன் நான். பிறகு பாடசாலையில் விளையாட்டு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். அந்தக் கேள்வியில் இருந்த நியாயம் எனக்கு விளங்கியது ஆசிரியரான பிறகுதான்.

கிளித்தட்டுக்குப் பந்து தேவையில்லை. நிலத்தில் நீளமாக ஒரு கட்டம் கீறி, நடுவில் ஒரு நெடுங்கோடும் குறுக்கே பல கோடுகளும் போட்டால் தட்டுகள் ஆயத்தம். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒருவர் நின்று மறிப்பார். கோட்டை விட்டு அவர் கால் எடுக்கக்கூடாது. நடுக்கோட்டில் ஓடித் திரிந்து அடிக்கும் உரிமை 'கிளி' எனப்படும் ஒருவருக்கு மட்டுமே உண்டு. உள்ளே இறங்குபவன் எல்லாத் தட்டும் கடந்து, வந்த வழியே திரும்ப வேண்டும். உடம்பில் கை பட்டாலே ஆட்டம் போய்விடும். ஆகவே பலம் உதவாது. முன்னால் மறிப்பவனின் இடுப்பைப் பார்த்தபடி, முதுகுப் பக்கம் வரும் கிளியின் காலடியைக் காதால் பிடிக்க வேண்டும். பொங்கலுக்கும் சித்திரை வருஷத்துக்கும், நிலவு எறிக்கும் இரவுகளில், கோயில் வீதிகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் இந்த ஓட்டம் நடந்தது. தம்பலகாமத்தில் எங்கள் உறவினர் வயலில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

உதைபந்து துறைமுகம் வழியாக வந்தது. 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போன திருகோணமலை (திருமலை), பின்னாளில் அவர்களது கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவின் முக்கிய தளமாயிற்று. கப்பலுக்கு ஒரு அணி இருந்தது. கரைக்கு வந்தால் பந்து உருளும். ஏன் றக்பி வரவில்லை என்று கேட்கலாம். 1863இல் லண்டனில் உதைபந்துச் சங்கத்துக்கு விதி எழுதியபோது, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது விலக்கப்பட்டது. அதை விரும்பியவர்கள் பிரிந்துபோய் 1871இல் றக்பிச் சங்கம் அமைத்தார்கள். இலங்கையில் றக்பி, தேயிலைத் தோட்டத் துரைமாரோடு கண்டிக்கும் மலையகத்துக்கும் ஏறியது. சாதாரண மாலுமியின் ஆட்டமோ உதைபந்து. டொக்யார்ட்டில் வேலை செய்த எங்கள் ஆட்கள் கண்டு பழகியதும் அதைத்தான்.

அந்த ஆட்டத்துக்கு எங்கள் பொடியன்கள் கொண்டுபோனது கிளித்தட்டின் கால்களை. 1925இல் ஓஃப்சைட் விதி தளர்ந்தது. தாக்குபவனுக்கும் கோல் கோட்டுக்கும் இடையில் மூன்று எதிரணியினர் நிற்க வேண்டும் என்றிருந்தது இரண்டாகக் குறைந்தது. முன்வரிசைக்கு ஓட இடம் கிடைத்தது. இங்கிலாந்தின் ஸ்டான்லி மத்தியூஸும் பிறேசிலின் கரிஞ்சாவும் இடுப்பை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் போனதை உலகம் வியந்தது. மணல் மைதானத்தில் வெறுங்காலோடு அதே வேலையைச் செய்தவர்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். மெக்கெய்சர் மைதானத்திலும் ஏகாம்பரம் மைதானத்திலும் சனம் வேலியில் ஏறி நின்று பார்த்தது கோலை மட்டுமல்ல. விங்கில் ஒருவன் இரண்டு பேரை "வெட்டி"க்கொண்டு போவதையும்தான்.

பந்தைக் கையில் ஏந்தி ஓடும் இன்னொரு ஆட்டம் எங்கள் வாசல்வரை வந்து நின்ற கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கிழக்கு மாகாணத்துக்கு அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் மாகாண இயேசு சபைக் குருமார் வந்தார்கள். 1947இல் ஆயரான இக்னேஷியஸ் கிளெனியும் அந்தச் சபையினரே. அவர்கள் புறப்பட்டு வந்த லூசியானா, அமெரிக்கன் புட்போலுக்கு உயிரை விடும் மாநிலம். 1959 ஒக்டோபர் 31 இரவு, லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பில்லி கெனன் எதிரணி உதைத்த பந்தைப் பிடித்து, பிடிக்க வந்தவர்களை உதறி 89 யார் ஓடியதை அங்கே இன்றும் பேசுகிறார்கள். ஆனால் குருமார் எங்களுக்குத் தந்தது கூடைப்பந்து. அதே லூசியானாவில் பிறந்த அருட்தந்தை யூஜின் ஹேபர், திருமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் கூடைப்பந்து பழக்கியவர். 1990 ஓகஸ்டில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூடச் சென்ற இளைஞரோடு காணாமற்போனார். கவசமும் தலைக்கவசமும் கேட்கும் ஆட்டத்தை ஏழை மாவட்டமொன்றில் யார் நடத்துவது? ஒரு பந்தும் இரண்டு வளையமும் போதும் என்று குருமார் எண்ணியிருந்தால் அது சரியான கணக்கு.

அமெரிக்கன் புட்போலை நான் பார்த்தது ரொறன்ரோவில் இருக்கும் பேரன் தயவில். "அப்பப்பா, இந்த ரன்னிங் பேக்கைப் பாருங்கோ" என்று ஒளித்துண்டுகள் அனுப்புவான். பந்தை வாங்கிக்கொண்டு ஆள்மதிலுக்குள் புகுந்து ஓடுபவர்தான் ரன்னிங் பேக். 2024 நவம்பரில் பிலடெல்பியா அணியின் சாகுவோன் பார்க்லி, சுழன்று திரும்பிய வேகத்தில் முதுகு காட்டியபடியே ஓர் ஆளுக்கு மேலால் பாய்ந்தார். அதைவிட என்னைக் கட்டிப்போட்டவர் பழைய ஆட்டக்காரர், டெட்ரோய்ட் லயன்ஸின் பரி சாண்டர்ஸ். உயரம் ஐந்தடி எட்டு அங்குலம். 1997இல் ஒரே பருவத்தில் 2,053 யார் ஓடினார். ஆட்டவாழ்வு முழுதுக்குமான அன்றைய மொத்த ஓட்டச் சாதனை எட்டும் தூரத்தில் இருந்தபோதே 1999இல் ஆட்டத்தை விட்டார். முன்னால் வழி அடைபட்டால் நிற்பார், பின்னே வருவார், மறிப்பவன் எடை எந்தக் காலில் விழுகிறது என்று பார்த்து மற்றப் பக்கம் நழுவுவார். அது அச்சொட்டாகக் கிளித்தட்டு. பேரனுக்கு அப்படியே எழுதினேன். அவனுக்குக் கிளித்தட்டு என்னவென்று தெரியவில்லை.

தெரியாமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. 1957 ஒக்டோபரில் பிரித்தானியர் தளத்தைக் கையளித்துப் போன பின்னும் உதைபந்து நிலைத்து நின்றது; அதற்குக் கழகமும் கிண்ணமும் இருந்தன. கிளித்தட்டுக்கு இருந்தது நிலவு மட்டும். போர் மூண்ட 1983க்குப் பிறகு ஊரடங்கு இரவுகளில் வெளியே ஓட யாருக்குத் துணிவு வரும்? வயல்களை விட்டுச் சனம் இடம்பெயர்ந்தது. போர் 2009இல் முடிந்தபோது, கோடு கீறத் தெரிந்த தலைமுறைக்கு மூட்டு வலி தொடங்கிவிட்டது. பிள்ளைகளுக்கோ மாலையில் ரியூசன். இப்போது புத்தாண்டு விழாக்களில் காட்சிக்கு ஒரு தரம் ஆடுகிறார்கள். காட்சிக்கு ஆடும் ஆட்டம் கால்களைப் பழக்காது.

வேகமான பிள்ளைகள் இன்றும் திருமலையில், கிண்ணியாவில், மூதூரில் நிறைய உண்டு. நேர்கோட்டில் பறக்கிறார்கள், முதல் தடுப்பாளனிடம் பந்தைக் கொடுத்துவிடுகிறார்கள். வேகத்தைப் பாதையில் ஓடிப் பெறலாம். ஆளைத் தாண்டும் வித்தையை மறிப்பவன் ஒருவன் எதிரே நின்றால்தான் கற்கலாம். உதைபந்து பழக்கும் ஆசிரியர்களிடம் நான் கேட்பது இதுதான்: பயிற்சியின் முதல் இருபது நிமிடம் பந்தைப் பையிலேயே விடுங்கள். சுண்ணாம்பால் தட்டுக் கீறி, உங்களுள் ஒருவர் கிளியாக இறங்குங்கள்.