பேரிடர் நாணயங்கள்

எரிமலை, புயல், நிலநடுக்கம், வெள்ளம் ஆகியவற்றில் அகப்பட்டுப் புதைந்தோ மூழ்கியோ போய், பிறகு மீட்கப்பட்ட காசுகளைத் திரட்டுவது நாணயச் சேகரிப்பில் தனியொரு கிளையாக வளர்ந்துள்ளது. மற்றச் சேகரிப்பாளர்கள் காசை அரசன், ஆண்டு, தங்கசாலை, உலோகம் என்று வகை பிரிப்பார்கள். இங்கே முதலில் எழும் கேள்வி, இந்தக் காசு எந்த நாளில் எங்கே அகப்பட்டது என்பது. அதற்கான பதில் காசின் மேல் எழுதியிருக்காது. கறுத்துப்போன வெள்ளிக்காசு நானூறு ஆண்டு கடலடியில் கிடந்ததா, போன மாதம் யாரோ ஒருவர் பட்டறையில் அமிலத்தில் ஊறியதா என்று வெறுங்கண்ணால் சொல்வது கடினம். காசைவிட அதற்கான சான்றுக்கே இந்தக் கிளையில் விலை அதிகம்.

வெசூவியசின் சாம்பல்

கி.பி. 79இல் இத்தாலியின் வெசூவியஸ் எரிமலை வெடித்துப் பொம்பெயி, ஹெர்குலேனியம் ஆகிய ஊர்களையும் சுற்றியிருந்த பண்ணை வீடுகளையும் மூடியது. ஓடியவர்கள் கைக்கு எட்டிய பணத்தோடு ஓடினார்கள். ஹெர்குலேனியத்தின் பழைய கடற்கரையில் 1980களில் வெளிப்பட்ட எலும்புக்கூடுகளில் ஒன்று வாளோடு கிடந்த போர்வீரனுடையது. அவனிடம் 12 வெள்ளி தெனாரியங்களும் 2 பொற்காசுகளும் இருந்தன. மண்ணில் புதைத்து வைத்த புதையல், ஒருவர் பல ஆண்டுகளில் தேர்ந்து சேர்த்த பணம். இந்த வீரனின் பையில் இருந்ததோ அன்றைக்குப் புழங்கிய காசு. வரலாற்றாசிரியர்களுக்கு இரண்டாவதுதான் பெரிது.

பொம்பெயியின் தங்கக் காப்பு இல்லத்தில் 1974இல் கிடைத்த பணத்தில் 40 பொற்காசுகளும் 180 வெள்ளிக்காசுகளும் இருந்தன. அவற்றில் தீத்துஸ் பேரரசரின் தேய்ந்த தெனாரியம் ஒன்று நெடுங்காலம் சர்ச்சைக்குள்ளானது. ரோமானிய எழுத்தாளர் இளைய பிளினியின் கடிதப்படி எரிமலை வெடித்தது ஆகஸ்ட் 24. இந்தக் காசிலுள்ள பட்டங்களின் எண்ணைச் சிலர் படித்த விதத்தில், அது செப்டம்பருக்குப் பிறகே அச்சாகியிருக்க வேண்டும். 2013இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் ரிச்சர்ட் ஆப்டி எழுத்துகளை மறுபடி படித்து, காசு ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதத்தது என்று காட்டினார். அதோடு அந்தக் காசு சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கியது. வழக்கு மட்டும் முடியவில்லை: 2018இல் ஒரு வீட்டுச் சுவரில் அக்டோபர் தேதியிட்ட கரிக்கோட்டு எழுத்து கிடைத்தது. ஒரு காசில் உள்ள ஓர் எண்ணை எப்படிப் படிப்பது என்பதில் ஒரு நகரம் அழிந்த மாதமே தொங்கிக்கொண்டிருந்தது என்றால், அந்தக் காசு கண்டெடுத்த இடத்திலேயே பதிவானதன் அருமை புரியும்.

இதற்கு நேர்மாறானது பொஸ்கோரியாலே என்னும் ஊரின் கதை. வெசூவியஸ் அடிவாரத்தில் பிசனெல்லா என்னும் பண்ணை வீட்டின் திராட்சை பிழியும் கூடத்துத் தொட்டியில் 1895இல் வெள்ளிப் பாத்திரக் குவியலும் சுமார் ஆயிரம் பொற்காசுகளும் கிடைத்தன. இரண்டும் இத்தாலியை விட்டு ஓசையின்றி வெளியேறிப் பாரிஸ் போய்ச் சேர்ந்தன. பாத்திரங்களை எட்மண்ட் ரோத்ஷில்ட் பிரபு வாங்கி, பெரும்பகுதியை லூவர் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அங்கே பார்க்கலாம். காசுகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. ஒவ்வொன்றாக விற்பனையாகி உலகெங்கும் சிதறின.

எரிமலைச் சூட்டிலும் கந்தக வாடையிலும் இருந்த அந்தப் பொற்காசுகளில் பலவற்றின் மேல் செம்மையும் ஊதாவும் கலந்த மினுக்கு ஏறியிருந்தது. தங்கத்தில் அரிதான இந்த நிறத்தை ஏல நிறுவனங்கள் 'பொஸ்கோரியாலே சாயல்' என்றே அழைக்கின்றன. அதற்குத் தனி விலையும் உண்டு. ஆனால் முழுப் பட்டியல் எடுக்கும் முன்பே காசுகள் கலைந்துபோனதால், பேரரசர் நீரோ காலத்துச் சிவந்த பொற்காசு எது ஏலத்துக்கு வந்தாலும் அதைப் பொஸ்கோரியாலேயோடு முடிச்சுப்போட முடிகிறது. உண்மையாகவும் இருக்கலாம், வியாபாரமாகவும் இருக்கலாம். இந்தக் கிளையின் முதல் பெரிய கண்டெடுப்பே முதல் பெரிய இழப்பும் ஆயிற்று.

இந்த எரிமலையோடு தமிழகத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. இந்தியச் சரக்குகளுக்காக ஆண்டுக்கு ஐந்து கோடி செஸ்டெர்ஷியம் ரோமை விட்டுப் போகிறது என்று குறைபட்டு எழுதிய மூத்த பிளினி, மிசேனம் கடற்படைத் தலைவராகக் கப்பலோடு உதவிக்குப் போய், இதே வெடிப்பின்போது ஸ்தாபியே கரையில் இறந்தார். அவர் குறைபட்ட தங்கத்தில் ஒரு பங்கு 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்தது: 501 ரோமானியப் பொற்காசுகள், கடைசியாகப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தவை. பொஸ்கோரியாலேயில் புதைந்த அதே தலைமுறைக் காசுகள்தான். அங்கே எரிமலை நிறம் ஏற்றியது. இங்கே பெரும்பாலான காசுகளில் பேரரசர் முகத்தின் மேல் உளிவெட்டு விழுந்திருக்கிறது. நாணயமாக இனிச் செல்லாது, பொன்னாக மட்டுமே எடைபோட வேண்டும் என்பதற்கான வெட்டாக அதைக் கொள்வோர் உண்டு.

ஆற்று மணல்

வெள்ளத்தின் தன்மை வேறு. சாம்பல் மூடிய இடத்தில் எது எங்கே இருந்ததோ அங்கேயே இருக்கும். வெள்ளமோ கரையை அறுத்து, பல காலத்துக் காசுகளை ஒரே மணலில் புரட்டிப் போட்டுவிடும். கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரோமானியக் காசுகளும், 'மாக்கோதை', 'கொல்லிப்புறை' என்று பெயர் பொறித்த சேரர் காசுகளும் அந்த மணலில் கிடைத்துள்ளன. சங்ககாலக் காசுகளை ஆராய்ந்த இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றோரின் பணிக்கு இப்படிப்பட்ட ஆற்றுக்காசுகள் பெரிதும் உதவின. எழுத்து இருந்ததால்தான் அவை பேசின. எழுத்தில்லாத சதுரச் செப்புக்காசுக்கு ஆறு எந்தப் பின்னணியையும் விட்டுவைப்பதில்லை. சேகரிப்பாளர் அடுத்த காசோடு ஒப்பிட்டுத்தான் காலம் சொல்ல வேண்டும்.

புயலில் போன வெள்ளி

உலகச் சந்தையில் இன்று அதிகம் கைமாறும் பேரிடர் நாணயங்கள் ஸ்பெயினுடையவை. அமெரிக்கக் குடியேற்றங்களின் வெள்ளியை ஸ்பெயின் ஆண்டுதோறும் கப்பல் கூட்டமாக ஏற்றிச் சென்றது. புறப்பாடு தாமதமானால் கரீபியப் புயல் பருவத்தில் மாட்டிக்கொள்ளும். அப்படித்தான் 1622 செப்டம்பர் 6இல் 'நுவெஸ்த்ரா செஞோரா தே அத்தோச்சா' புளோரிடாத் தீவுத்திட்டுகளின் அருகே மூழ்கியது. கப்பலில் இருந்த 265 பேரில் பிழைத்தவர் ஐவர். அடுத்த மாதமே வந்த இன்னொரு புயல் சிதைவை மேலும் உடைத்துப் பரப்ப, ஸ்பானியர்களால் அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று.

புதையல் தேடுபவரான மெல் ஃபிஷர் அதைத் தேடத் தொடங்கி, 1985 ஜூலை 20இல் முக்கியக் குவியலை எட்டுவதற்குப் பதினாறு ஆண்டுகள் ஆயின. இடையில் 1975இல் தேடும் படகு கவிழ்ந்து அவருடைய மகனும் மருமகளும் ஒரு முக்குளிப்பவரும் இறந்தனர். கிடைத்ததற்கு யார் சொந்தக்காரர் என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. கிடைத்த வெள்ளிக்காசுகள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். பெரும்பாலானவை பொலிவியாவின் பொத்தோசி தங்கசாலையில் அடித்த எட்டு ரியால் காசுகள். வெள்ளிக் கட்டியிலிருந்து துண்டு வெட்டி, எடை சரியாகும்வரை ஓரத்தைக் கத்தரித்து, சுத்தியலால் முத்திரை குத்திய காசுகள் இவை. இரண்டு காசு ஒரே வடிவில் இருக்காது. பெட்டிக்குள் நடுவே கிடந்தவை அச்சடித்த அன்றைய கூர்மையோடு வந்தன. ஓரத்தில் இருந்தவை உப்பு அரித்து வாழையிலைபோல் மெலிந்திருந்தன. ஃபிஷர் அவற்றை நான்கு தரமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்ட சான்றிதழ் கொடுத்தார். நான்காம் தரக் காசில் சிலுவைச் சின்னத்தின் கோடுகூடச் சரியாகத் தெரியாது. இருந்தும் சான்றிதழோடு இருந்தால் விலைபோகிறது. சான்றிதழ் தொலைந்தால் அது அரித்துப்போன வெள்ளித் துண்டு.

1715 ஜூலை 31 அதிகாலையில் புளோரிடாவின் கிழக்குக் கரையில் மோதிச் சிதறிய பதினொரு கப்பல்களின் கதை இன்னும் சுவையானது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஸ்பானியர்கள் கரையில் முகாம் போட்டு வெள்ளியை மீட்டுக்கொண்டிருந்தபோதே கடற்கொள்ளையர் வந்து முகாமைச் சூறையாடினர். பிறகு இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அந்தக் கரையைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. வீடு கட்டும் தொழில் செய்த கிப் வேக்னர், புயலுக்குப் பின் செபாஸ்டியன் ஊர்க் கடற்கரையில் கறுத்த காசுகள் ஒதுங்குவதைக் கவனித்தார். பொறுக்கிய காசுகளில் ஆண்டு தெரிந்தவற்றை வரிசையாக அடுக்கியபோது 1715க்குப் பிந்தையது ஒன்றுகூட இல்லை. கப்பல் எது என்று காசுகளே காட்டிக்கொடுத்தன. போரில் மிஞ்சிய மலிவான கண்ணிவெடி கண்டறியும் கருவியைக் கொண்டு பழைய முகாம் இருந்த இடத்தையும் அவர் பிடித்துவிட்டார். அந்தக் கரைக்கு இன்று 'புதையல் கரை' என்றே பெயர். 2015இலும் 45 லட்சம் டாலர் மதிப்புள்ள பொற்காசுகள் அங்கே கிடைத்தன.

புயல் மூழ்கடித்ததைப் புயலே கொண்டுவந்து போடுவதும் நடக்கும். 2015 பிப்ரவரியில் இஸ்ரேலின் சீசரியா துறைமுக நீரடியில் ஃபாத்திமித் கலீபாக்களின் சுமார் 2,000 பொற்காசுகள் வெளிப்பட்டன. குளிர்காலப் புயல் மணலை நகர்த்தியிருந்தது. கண்டெடுத்தவர்கள் தொல்லியல் துறைக்குச் சொல்லிவிட்டதால் அவை சந்தைக்கு வரவில்லை.

சென்ட்ரல் அமெரிக்கா

1857 செப்டம்பர் 12இல் கலிபோர்னியத் தங்கத்தோடு நியூயார்க் போய்க்கொண்டிருந்த 'சென்ட்ரல் அமெரிக்கா' நீராவிக் கப்பல் தென் கரோலினாவுக்கு அப்பால் புயலில் மூழ்கியது. கொதிகலன் நெருப்பு அணைந்த பிறகு ஆண்கள் வாளி வாளியாகத் தண்ணீர் இறைத்தும் பயனில்லை. பெண்களையும் குழந்தைகளையும் வேறொரு கப்பலுக்கு மாற்றிவிட்டு, கேப்டன் வில்லியம் ஹெர்ண்டன் தம் கப்பலோடு போனார். சுமார் 425 பேர் இறந்தனர். அந்த ஆண்டு ஏற்கெனவே தொடங்கியிருந்த வங்கி நெருக்கடியில், வரவேண்டிய தங்கம் வராமல் போனது பீதியைக் கூட்டியது.

1988இல் டாமி தாம்சன் தலைமையிலான குழு, சுமார் 2,200 மீட்டர் ஆழத்தில் இயந்திரக் கைகள் கொண்ட கருவியை இறக்கித் தங்கத்தை எட்டியது. கடலடியில் காசுகள் அடுக்கி வைத்தபடியே நின்றன. மரப்பெட்டிகள் மட்டும் கரைந்துபோயிருந்தன. பிறகு காப்பீட்டு நிறுவனங்களின் வழக்கு, முதலீட்டாளர்களின் வழக்கு, தாம்சன் தலைமறைவு, 2015இல் கைது என்று கதை நீண்டது. சேகரிப்பாளர்களுக்கு முக்கியமானது வேறொன்று. சான்பிரான்சிஸ்கோவில் 1857இல் அடித்த 20 டாலர் பொற்காசு, புழங்காத நிலையில் அதுவரை அரிது. இந்தக் கப்பலிலிருந்து மட்டும் ஐயாயிரத்துக்கும் மேல் வந்து இறங்கின. அரிய காசு ஒரே நாளில் எளிதாகக் கிடைக்கும் காசாக மாறியது. ஆனாலும் வாங்க ஆள் இருந்தது. வாங்கியவர்கள் 1857ஆம் ஆண்டுக் காசைத் தேடவில்லை, அந்தக் கப்பலின் காசைத் தேடினார்கள். சோதித்துத் தரமிட்டு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் கப்பலின் பெயரோடு காசை விற்கும் வழக்கம் இதன் பின் வேரூன்றியது. 1865 புயலில் மூழ்கி 2003இல் கண்டுபிடிக்கப்பட்ட 'ரிபப்ளிக்' கப்பலின் வெள்ளி அரை டாலர்களுக்கு வழக்கமான தரக்குறி பொருந்தாததால், 'கப்பற்சிதைவின் பாதிப்பு' என்றே தனிக் குறிப்பு போட்டார்கள். கடல் தின்ற குறையே விற்பனைச் சிறப்பாகிவிட்டது.

தழும்பில்லாமல் தப்பியவை

அடையாளம் இல்லாமல் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு 1906 ஏப்ரல் 18 சான்பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தைப் பார்க்கலாம். நகரம் தீப்பற்றி எரிந்தபோது, தங்கசாலைக் கட்டடத்துக்குள் சுமார் 30 கோடி டாலர் இருந்தது. மேலாளர் ஃபிராங்க் லீச்சும் ஊழியர்களும் படைவீரர்களும் முற்றத்து ஊற்றுக்கிணற்று நீரைக் கொண்டு மணிக்கணக்கில் போராடிக் கட்டடத்தைக் காப்பாற்றினார்கள். வங்கிகள் செயலிழந்த ஊரில் பணம் கொடுத்தும் வாங்கியும் நின்றது அந்தத் தங்கசாலைதான். பேரிடரில் இவ்வளவு பணம் இவ்வளவு முழுமையாகத் தப்பியது அபூர்வம். ஆனால் அந்தக் காசுகளைச் சேகரிக்க வழியில்லை: கரியில்லை, அரிப்பில்லை, பட்டியலும் இல்லை, மற்றக் காசுகளோடு கலந்து புழக்கத்துக்குப் போய்விட்டன. 2006இல் அமெரிக்க அரசு வெளியிட்ட நினைவு நாணயங்களைத்தான் இன்று வாங்க முடியும்.

துலக்குவதும் ஏமாறுவதும்

தங்கத்தைக் கடல் தொடாது; மேலே படியும் இரும்புத் துருவையும் சுண்ணத்தையும் பக்குவமாகக் கரைத்தால் போதும். வெள்ளி கடலடியில் சல்ஃபைடாகக் கறுக்கும். மின்பகுப்பால் அதில் கொஞ்சம் மீளும், மீதி உதிரும். ஆனால் கட்டியாக இறுகிய காசுகளில் வெளியடுக்கு அரிபட்டு உள்ளடுக்கைக் காப்பாற்றும். இலங்கையின் தென்கரைக்கு அப்பால் பெரிய பாசஸ் பாறைத்திட்டில், 1961இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கூட்டாளி மைக் வில்சன் கண்ட ஔரங்கசீப் காலத்துச் சூரத் வெள்ளி ரூபாய்கள் மூட்டை வடிவத்திலேயே இறுகியிருந்தன. அக்கட்டிகளில் சிலவற்றை உடைக்காமலே வைத்திருக்கிறார்கள். பாறையில் மோதிய கப்பலின் காசுகள் என்பதால் கறாராகப் பேரிடர்க் கணக்கில் வராவிட்டாலும், சேகரிப்பாளர்கள் இவற்றையும் அதே வரிசையில்தான் வைக்கிறார்கள்.

நம் வீடுகளில் பித்தளையைத் துலக்குவதுபோலப் புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்த்தால் பழங்காசின் களிம்போடு எழுத்தும் போகும், அதோடு மதிப்பும் போகும். போலிகளைச் செய்வோர் இதையே திருப்பிப் பயன்படுத்துகிறார்கள்: வார்த்தெடுத்த எட்டு ரியாலை அமிலத்தில் அரித்து, மணல் ஒட்டிக் கடற்காசாக்குகிறார்கள். அரிப்பு மேடுபள்ளங்களில் சீராகப் பரவியிருந்தாலும், ஓரத்தில் வார்ப்புக்கோடு தெரிந்தாலும், ஒரே குழி பல காசுகளில் ஒரே இடத்தில் இருந்தாலும் சந்தேகப்பட வேண்டும்.

சட்டத்தின் போக்கும் மாறி வருகிறது. நீரடிப் பண்பாட்டு மரபை வணிகத்துக்காகச் சுரண்டக்கூடாது என்ற யுனெஸ்கோ ஒப்பந்தம் 2001இல் ஏற்கப்பட்டு 2009இல் நடைமுறைக்கு வந்தது. ஒரு ஸ்பானியக் கப்பலிலிருந்து மீட்ட ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை 2012இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று ஸ்பெயினிடம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. இந்தியாவில் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்திருந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் அவற்றை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.