வாலைக்கு நட்ட கொடி: முஸ்கடே ஒயினின் வரலாறு

பிரான்சின் மேற்கே, லுவார் ஆறு அட்லாண்டிக்கை நெருங்கும் இடத்தில் நாந்த் நகரம் இருக்கிறது. அதன் தென்கிழக்கே செவ்ர், மேன் என்னும் சிற்றாறுகளின் கரைகளில் விளைவது முஸ்கடே. இனிப்பில்லாத, மெலிந்த உடலும் கூரிய புளிப்பும் கொண்ட வெள்ளை ஒயின் இது. இதன் கதையைப் பலரும் 1709ஆம் ஆண்டுக் கடுங்குளிரிலிருந்து தொடங்குகிறார்கள். குளிரின் பங்கு பெரியதுதான். ஆயினும் அதற்கு முன்பே வந்த டச்சு வணிகமும், ஒயினை அடியில் படியும் மண்டியோடு விட்டுவைக்கும், பின்னர் கைவந்த நுட்பமும் அதைவிட ஆழமாக இந்த ஒயினை வடிவமைத்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

17ஆம் நூற்றாண்டில் நாந்த் துறைமுகத்துக்கு வந்த டச்சுக்காரர்கள் தேடியது வாலையிலிட்டு பிராந்தியாக வடிக்க ஏற்ற மலிவான, மெலிந்த வெள்ளை ஒயின். லுவார் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து வந்த சரக்குக்கு ஆங்கிராந்த் சுங்கச்சாவடியில் வரி விழுந்தது. பிரெத்தானி மாகாண எல்லைக்குள்ளேயே விளைந்த நாந்த் ஒயினுக்கு அந்தச் சுமை இல்லை. விலையே தேவையைத் தீர்மானித்தது. சிவப்புத் திராட்சை நின்ற இடங்களில் வெள்ளை பரவியது. ஃபோல் பிளான்ஷ் என்னும் வகையோடு, பர்கண்டியிலிருந்து வந்ததும் இன்று முஸ்கடேக்கு உரியதுமான மெலோன் திராட்சையும் அப்போதே இங்கு ஊன்றியிருந்தது.

1709 சனவரியில் கொடிகள் கூட்டம் கூட்டமாகப் பட்டுப்போயின. மறுநடவின்போது குளிர் தாங்குவதும் சீக்கிரம் பழுப்பதுமான மெலோன் முன்னுக்கு வந்தது. தாயகமான பர்கண்டியிலோ, தரம் குறைந்ததென்று 18ஆம் நூற்றாண்டில் அதைப் பிடுங்கியெறிய உத்தரவிட்டார்கள். 1999இல் வெளியான மரபணு ஆய்வு, மெலோன் பினோ என்ற திராட்சை வகைக்கும் குவே பிளாங் என்ற வகைக்கும் பிறந்தது என்று காட்டியது. புகழ்பெற்ற ஷார்டனேயும் அதே பெற்றோரின் பிள்ளைதான். ஒதுக்கப்பட்ட உடன்பிறப்புக்குக் கடலோரத்தில் வாழ்வு கிடைத்தது.

மெலோனுக்கு மணம் மிகக் குறைவு. இந்தக் குறைக்கு உழவர்கள் கண்ட விடைதான் 'சுர் லீ', அதாவது மண்டியோடு விடுதல். குடும்ப விழாவுக்கென ஒதுக்கிய பீப்பாயை மண்டியிலிருந்து பிரிக்காமல் விட்டபோது அதன் சுவை கூடியிருந்ததைக் கண்டார்கள் என்பது வாய்மொழி வழக்கு. அறிவியலும் இதற்குத் துணை நிற்கிறது. நொதித்தல் முடிந்ததும் இறந்த ஈஸ்ட் அடியில் படிகிறது. அதன் செல்கள் மெல்லச் சிதைந்து ஒயினில் கரையும்போது நாவில் ஒரு திரட்சி ஏற்படுகிறது, காற்று படுவதால் வரும் கேடும் தள்ளிப்போகிறது. நாந்த் பகுதியில் பலர் இதற்குத் தரைக்கடியில் கட்டிய தொட்டிகளையே பயன்படுத்துகிறார்கள். வேறு தொட்டிக்கு மாற்றாமல் நேரே புட்டியில் அடைப்பதால் கரியமில வாயு சிறிது தங்கிவிடும். முதல் மிடறில் நாக்கின் நுனியில் மெல்லச் சுறுசுறுப்பது அதுதான்.

சட்டப் பாதுகாப்பு 1936இல் செவ்ர் எ மேன் பகுதிக்கும், மறு ஆண்டு முஸ்கடே முழுமைக்கும் கிடைத்தது. 'சுர் லீ' என்று அச்சிட வேண்டுமானால் ஒயின் ஒரு குளிர்காலம் மண்டியில் கிடக்க வேண்டும். மார்ச் 1க்கு முன் புட்டியில் அடைக்கக் கூடாது. 2011இல் கிளிசோன், கோர்ஜ், லெ பாலே ஆகிய ஊர்ப் பெயர்களுக்குத் தனித் தகுதி வழங்கப்பட்டது. கிளிசோனின் கருங்கல் மண்ணில் விளைந்தது ஈராண்டு மண்டியில் கிடந்த பிறகே வெளிவருகிறது. முஸ்கடே இளமையிலேயே குடித்துத் தீர்க்க வேண்டியது என்ற பழைய தீர்ப்பை இந்த ஒயின்கள் திருத்திவிட்டன.

உணவோடு சேரும் விதத்திலும் இந்த வரலாறு தெரிகிறது. பச்சையாகத் திறந்த சிப்பியின் உப்புநீருக்கு எலுமிச்சை செய்யும் வேலையை இளம் முஸ்கடேயின் புளிப்பே செய்துவிடும். கறுப்பு மட்டியைச் சின்ன வெங்காயத்தோடு இதே ஒயினில் வேகவைப்பதும் உண்டு. சின்ன வெங்காயத்தை ஒயினிலும் வினிகரிலும் சுண்டவைத்து, வெண்ணெயைச் சிறுகச் சிறுக அடித்துச் சேர்க்கும் 'பேர் பிளான்' இப்பகுதிச் சாறு; அதை ஆற்றுமீன் மீது ஊற்றிப் பரிமாறும்போது இளம் ஒயின் எடுபடாது. அந்த வெண்ணெய்க் கனத்துக்கு ஈடுகொடுப்பது நெடுநாள் மண்டியில் கிடந்த கிளிசோனோ கோர்ஜோதான்.