சர்ஜ், டெட் மைலேஜ், சப்ஸ்கிரிப்ஷன்.. ஆட்டோ, டாக்ஸி ஆப்பில் வரும் வார்த்தைகளுக்கு என்ன அர்த்தம்? காசு யாருக்குப் போகுது?

காலையில் முத்துநகர் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கி, தூத்துக்குடி ரயில் நிலைய வாசலில் நின்றால் இரண்டு விதமான பேச்சு காதில் விழும். ஒன்று, "ஹார்பருக்கு எவ்ளோ அண்ணாச்சி?" என்ற நேரடி பேரம். இன்னொன்று, மொபைலைப் பார்த்தபடியே "நேத்து கம்மியாத்தான காட்டுச்சு, இன்னைக்கு ஏன் கூடிருச்சு?" என்ற புலம்பல்.

பேரத்தில் காரணத்தை டிரைவரிடமே கேட்டுவிடலாம். ஆப்பில் அது முடியாது. சர்ஜ், கேன்சலேஷன் என்று ஒரு வார்த்தை மட்டும் வரும். ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்குப் பின்னாலும் ஒரு பணக் கணக்கு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டால் எங்கே கேள்வி கேட்கலாம் என்பதும் தெரியும்.

அக்ரிகேட்டர் என்றால் யார்?

ஓலா, ஊபர், ராபிடோ போல பயணியையும் டிரைவரையும் ஆப் மூலம் இணைக்கும் நிறுவனம்தான் அக்ரிகேட்டர். பெரும்பாலும் வண்டி டிரைவருடையது, ஆப் மட்டும் நிறுவனத்துடையது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 93-வது பிரிவுப்படி இவர்கள் உரிமம் பெற வேண்டும். இவர்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசு முதலில் 2020-லும், பிறகு திருத்தி 2025 ஜூலையிலும் வெளியிட்டது. கீழே வரும் கணக்குகள் 2025 நெறிமுறைகளில் உள்ளவை. இவற்றைப் பின்பற்றி உரிமம் கொடுப்பதும், கட்டணத்தை அறிவிப்பதும் மாநில அரசின் பொறுப்பு.

பேஸ் ஃபேர், சர்ஜ்: என்ன வித்தியாசம்?

மாநில அரசு அறிவிக்கும் அடிப்படைக் கட்டணம்தான் பேஸ் ஃபேர். வண்டி குறைவாகவும் கூப்பிடுபவர்கள் அதிகமாகவும் இருக்கும்போது அதன் மேல் ஏறுவது சர்ஜ். ஆகஸ்ட் 5 பனிமய மாதா திருவிழா அன்று பீச் ரோட்டில் எவ்வளவு கூட்டம் நிற்கும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் வருவதுதான் இது.

அதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்ற முடியாது. நெறிமுறைப்படி பேஸ் ஃபேரில் அதிகபட்சம் 2 மடங்கு. 2020-ல் இது ஒன்றரை மடங்காக இருந்தது. அதேபோல கூட்டமில்லாத நேரத்தில் பாதிக்குக் கீழே குறைக்கவும் கூடாது. உதாரணத்துக்கு பேஸ் ஃபேர் 100 ரூபாய் என்றால், ஆப்பில் 50-க்கும் 200-க்கும் இடையில்தான் இருக்க வேண்டும்.

டெட் மைலேஜ்: டிரைவர் ஏன் கூடுதலாகக் கேட்கிறார்?

பயணி இல்லாமல் வண்டி காலியாக ஓடும் தூரம்தான் டெட் மைலேஜ். வாகைக்குளம் விமான நிலையத்துக்கு சவாரி போனால், "திரும்பி சும்மால்லா வரணும்" என்று டிரைவர் சொல்வாரே, அதேதான்.

உங்களை ஏற்ற வரும் தூரத்துக்கும் பெட்ரோல் செலவு உண்டு. அதற்காகத்தான் குறைந்தபட்சம் 3 கிலோமீட்டருக்கான கட்டணம் வாங்கலாம் என்று நெறிமுறை சொல்கிறது. 3 கிலோமீட்டருக்கும் குறைவான சவாரி தவிர, டெட் மைலேஜுக்கு என்று தனியாக வசூலிக்கக் கூடாது.

கமிஷனா, சப்ஸ்கிரிப்ஷனா?

விசைப்படகில் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பங்கு பிரிப்பார்கள். டாக்ஸி கமிஷனில் நிலைமை வேறு. முதலில் நிறுவனத்தின் பங்கு போய்விடும். பெட்ரோல், டயர், வண்டி லோன் எல்லாம் டிரைவர் தன் பங்கில் இருந்து கட்ட வேண்டும். அதனால்தான் சொந்த வண்டி ஓட்டும் டிரைவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம் போக வேண்டும் என்கிறது நெறிமுறை. வண்டி நிறுவனத்துடையது என்றால் குறைந்தது 60 சதவீதம்.

சப்ஸ்கிரிப்ஷன் என்பது இன்னொரு முறை. டிரைவர் ஆப்புக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு, சவாரிப் பணம் முழுவதையும் தானே வைத்துக்கொள்வார். 2022-ல் பெங்களூருவில் தொடங்கிய நம்ம யாத்ரி இந்த வழியில் பிரபலமானது. 2025-ல் ஊபரும் ஆட்டோவில் இதற்கு மாறியது. டிரைவருக்கு லாபம்தான். ஆனால் பணம் நேராக அவர் கைக்குப் போவதால், கட்டணத் தகராறு வந்தால் ஆப்பில் ரீஃபண்ட் கிடைப்பது கஷ்டம்.

கேன்சலேஷன்: அபராதம் யாருக்கு?

இரண்டு பேருக்கும். சரியான காரணம் இல்லாமல் கேன்சல் செய்தால் கட்டணத்தில் 10 சதவீதம், அதிகபட்சம் 100 ரூபாய். ஏற்றுக்கொண்ட சவாரியை டிரைவர் ரத்து செய்தாலும் இதே கணக்குதான்.

ரைடு ஷேரிங், ஷேர் ஆட்டோ: ரெண்டும் ஒன்னா?

ஒரே பக்கம் போகும் பலர், ஒரே வண்டியில் கட்டணத்தைப் பகிர்வதுதான் ரைடு ஷேரிங். ஆப் வருவதற்கு முன்பே நம்ம ஊர் ஷேர் ஆட்டோ செய்த வேலை இது. ஆனால் சட்டத்தில் ஒரு சிக்கல் உண்டு. மொத்தமாக வாடகைக்குப் போகும் வண்டிக்கு ஒரு வகை பெர்மிட். பஸ் போல வழியில் ஆள் ஏற்றி இறக்க வேறு வகை பெர்மிட். ஷேர் ஆட்டோக்கள் மீது அடிக்கடி வழக்குப் போடப்படுவதற்கு அதிக ஆள் ஏற்றுவதோடு இந்த பெர்மிட் விதிமீறலும் ஒரு காரணம்.

ஒயிட் போர்டில் ஏறலாமா?

வாடகைக் காரில் மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. பேட்டரி வண்டி என்றால் பச்சை போர்டில் மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு சொந்த உபயோகத்துக்கானது. "திருச்செந்தூர் போறேன், நூறு ரூவா குடுங்க" என்று வெள்ளை போர்டு காரில் ஏற்றினால் மலிவாகத் தெரியலாம். ஆனால் விபத்து நடந்தால், வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்பு இருக்கிறது.

டிரைவர் பார்ட்னர்: தொழிலாளியா, கூட்டாளியா?

நிறுவனங்கள் டிரைவரை பார்ட்னர் என்றுதான் அழைக்கின்றன. தொழிலாளி இல்லை என்றால் பி.எஃப்., இஎஸ்ஐ இல்லை. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களை கிக் தொழிலாளர்கள், பிளாட்ஃபார்ம் தொழிலாளர்கள் என்று அங்கீகரிக்கிறது. இவர்களின் நலனுக்காக அக்ரிகேட்டர்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டும். தமிழ்நாட்டில் இணையம் சார்ந்த கிக் தொழிலாளர்களுக்கு என 2023-லேயே தனி நல வாரியம் அமைக்கப்பட்டது. பதிவு செய்தால்தான் அதன் உதவிகள் கிடைக்கும். தெரிந்த டிரைவர் யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

வண்டியில் ஏறும் முன்..

ஆப்பில் உள்ள நம்பரும் வண்டி நம்பரும் ஒன்றா என்று பாருங்கள். வண்டியில் ஏறிய பிறகே ஓடிபி சொல்லுங்கள். கட்டணம் காட்டும் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். சர்ஜ் 2 மடங்கைத் தாண்டியதா, கேன்சலேஷன் 100 ரூபாயைத் தாண்டியதா என்று புகார் கொடுக்க அதுதான் ஆதாரம். அவசரம் என்றால் 112.