பூட்டும் சாவியும்

ஜவ்வாது மலையடிவாரத்திலுள்ள அமிர்திக்குச் சென்ற மாதம் போயிருந்தேன். வனவிலங்குப் பூங்காவைப் பார்த்துவிட்டு ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். கடையும் வீடும் ஒன்றுதான். உள்ளே தொலைக்காட்சி பாடிக் கொண்டிருந்தது.

"பிள்ளைங்க கண்டதையும் பார்க்கக் கூடாதுன்னு பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கேங்க" என்றார் கடைக்காரர், பெருமையாக.

"எப்படிப் போட்டீர்கள்?"

"அந்த இங்கிலீஷ் எழுத்து நமக்கெங்கே தெரியுதுங்க? ஏழாவது படிக்கிற பையன்தான் போட்டுக் கொடுத்தான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் நம் நாட்டில் இந்தப் பூட்டின் கதையே இப்படித்தான்.

1918-ல் வெள்ளைக்கார சர்க்கார் சினிமாச் சட்டம் கொண்டு வந்தது. 1920-ல் சென்னையிலும் தணிக்கைச் சபை ஏற்பட்டது. படங்களை வயது பார்த்து 'ஏ' என்றும் 'யூ' என்றும் பிரித்ததோ 1949-ல்தான். 'ஏ' படத்துக்குச் சாவி யாரிடம் இருந்தது? கொட்டகை வாசலில் டிக்கெட் கிழிப்பவரிடம்! மீசை அரும்பிய பையன்கள் அவரை எப்படிச் சரிக்கட்டினார்கள் என்பதை வாசகர்களில் சிலர் அறிவார்கள்.

1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. நிலையம் ஒன்று, தெருவுக்கு ஓரிரு பெட்டிகள். பாட்டி முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது வேறு பூட்டு எதற்கு? பிறகு கேபிள் வந்தது, பாட்டி தனியாளானாள். குழந்தைகள் மிகுதியாகப் பார்க்கும் நேரத்தில் அவர்களுக்கு ஆகாததைக் காட்டலாகாது என்று 1994-ஆம் வருஷத்து விதிகள் கூறின. 1996-ல் அமெரிக்கா வேறு வழி கண்டது: 2000-ஆம் ஆண்டு முதல் 13 அங்குலமும் அதற்கு மேலுமுள்ள புதிய பெட்டிகளுக்குள்ளேயே தடுப்புக் கருவி இருக்க வேண்டுமென்று சட்டம் செய்தது. தமிழ்நாட்டிலோ 2006 முதல் சர்க்காரே இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கியது. பெட்டி குடிசைக்கும் வந்தது. நான்கு இலக்கப் பூட்டு பின்னால் வந்த செட்டாப் பாக்ஸில் இருந்தது; அதன் பாஷைதான் இங்கிலீஷ். இணையப் படங்களுக்கும் 2021-ல் விதி வந்தது: 13 வயதுக்கு மேற்பட்டோருக்கானவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வேண்டும்.

ஆக, சட்டம் சாவியைப் பெற்றோர் கையில் கொடுத்துவிட்டது. பெற்றோர் அதைப் பையனிடம் கொடுத்துவிட்டார்கள்!

பையன் பள்ளியிலிருந்து வந்தான். பழைய எண்ணை வெட்கத்துடன் சொன்னான். கடைக்காரருக்கு இங்கிலீஷ் வராது, எண்கள் வரும். கடன் கணக்கெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். எந்தப் பொத்தானை அழுத்துவதென்று காட்டிக் கொடுத்தேன். என்னையும் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டுப் புது எண்ணைப் போட்டார்.

சற்று நேரம் பெட்டியையே பார்த்துக் கொண்டிருந்தார்.

"எதைப் பூட்டறதுங்க?" என்று கேட்டார். பிறகு தாமே, "கூட உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும் போலிருக்கு" என்று சொல்லி, பையன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கொண்டார்.

என் டீ ஆறிப் போயிருந்தது. நான் அதைப் பொருட்படுத்தவில்லை.