மண்ணிலேயே விட்டுவைத்த கிழங்கு

பார்ஸ்னிப் கிழங்கை நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். கேரட்டுக்குச் சொந்தம், நிறம்தான் வெளுப்பு. ஐரோப்பாவில் உருளைக்கிழங்கு பரவுமுன், சர்க்கரை செல்வந்தர் வீட்டுப் பண்டமாக இருந்த காலத்தில், எளியவர்களின் பசிக்கும் இனிப்புக்கும் இது கைகொடுத்தது.

இதைத் தோண்ட இங்கிலாந்துக் குடியானவர்கள் அவசரப்பட மாட்டார்கள். குளிர் ஏற ஏறக் கிழங்கின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும். எனவே பனிக்காலம் முழுவதும் மண்ணிலேயே விட்டு, வேண்டியபோது எடுப்பார்கள். தோட்டமே குதிர்! மண் உறைந்து இறுகிவிட்டால் மட்டும் தோண்டுவது பெரும்பாடு.

ஆனால் கெடு ஒன்று உண்டு. இது இரண்டாண்டுப் பயிர். வசந்தத்தில் துளிர்விட்டதும் சேர்த்த இனிப்பையெல்லாம் பூந்தண்டுக்கு அனுப்பிவிடும். கிழங்கின் நடுப்பகுதி கட்டையாகிவிடும். நம் முற்றிய முள்ளங்கியை நினைத்துக்கொள்ளுங்கள். பழைய கையிருப்பு தீர்ந்து, புதுக் காய் வராத மாதங்களும் அவைதான். அதனால் எறிய மனம் வராது. நடுக்கட்டையைச் சீவிவிட்டு ஓரச் சதையை வேகவைத்து மசிப்பார்கள். பிற்காலத்தில் சர்க்கரை மலிந்ததும், வேகவைத்த நீரில் அதைக் கலந்து புளிக்கவைத்து ஒயினும் செய்தார்கள். தண்டு உயர்ந்த செடியிடம் மட்டும் எச்சரிக்கை தேவை: அதன் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம்தான்.

எல்லாவற்றையும் தோண்டிவிடவும் முடியாது. விதை ஓராண்டு தாண்டினால் சரியாக முளைக்காது. ஆகவே சிலவற்றைப் பூக்க விட்டே ஆகவேண்டும். சைரன்செஸ்டர் வேளாண் கல்லூரிப் பேராசிரியர் ஜேம்ஸ் பக்மன், காட்டு பார்ஸ்னிப்பிலிருந்து தலைமுறை தலைமுறையாக நல்ல கிழங்குகளைத் தேர்ந்து, விதைக்கு விட்டு ஒரு புது ரகத்தை உருவாக்கினார். 1860-இல் சட்டன்ஸ் விதை நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் 'ஸ்டூடன்ட்'. இன்றும் அங்கே அதன் விதை கிடைக்கிறது.